நாலு விரல் காற்று

"கறுப்பு வேண்டாங்க. உள்ளயிருந்து பார்த்தா வெளிய தெரியணும். அந்த மாதிரி இருந்தாக் குடுங்க," என்றான் செம்மல்.

கடைக்காரர் அரவிந்த்குமார் கையில் எடுத்த உறையை அப்படியே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். ஐப்பசி மழை காலையிலிருந்து விடவில்லை. திருக்கோகர்ணம் போகும் சாலையில் இருந்த அந்தக் கடையின் வாசலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். செம்மலின் பிக்கப் வண்டி அதன் அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு நின்றது. வாழைத்தார் ஏற்றும் பின்பக்கம் முழுதும் நனைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் கறுப்புத்தாண்ணே கேக்குறாங்க. வெயிலுக்கும் நல்லது, வண்டியும் எடுப்பா இருக்கும். வெள்ள வைசர் எவன் வாங்குறான்? ஒரு செட்டு பரண்ல கெடக்கும். தூசி தட்டணும்."

"தட்டிக் குடுங்க. எங்கப்பா வெளிய பார்த்துக்கிட்டே வரணும்."

வீட்டு ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருப்பதுபோல வண்டிக் கதவின் கண்ணாடிக்கு மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டைதான் வைசர். அது இருந்தால் கொட்டுகிற மழையிலும் கண்ணாடியை நாலு விரல் இறக்கிக்கொள்ளலாம். காற்று வரும், சாரல் வராது. வண்டி வாங்கின நாளிலிருந்து போட வேண்டும் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, போடாமலேயே நான்கு மழைக்காலத்தை ஓட்டிவிட்டவன் செம்மல். இன்றைக்கு அவனுக்கு அது உடனே வேண்டியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் அவனுடைய அப்பா ஆத்மநாதன் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. காலையில் டாக்டரம்மா செம்மலைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் இன்றே போய்விடுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். அவன் ஆம்புலன்ஸ் சொல்லப் போனபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொட்டிக்குள்ள ஏத்துனீன்னா நான் ஊருக்கு வந்து சேர மாட்டேன். நம்ம வண்டியில கூட்டிட்டுப் போ. நான் உக்காந்தே வாரேன்."

சொன்னதில் தப்பில்லை. வரும்போது ஆம்புலன்ஸில் அவர் மூடிய கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு திறக்கச் சொல்லிக் கத்தியதைச் செம்மல் பார்த்திருந்தான். மூச்சுத் திணறுகிறவருக்கு முகத்தில் காற்றுப் பட வேண்டும். மழையோ நெஞ்சில் படக் கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதுதான் அவனுக்கு வைசர் ஞாபகம் வந்தது.

அரவிந்த்குமார் பரணிலிருந்து எடுத்ததைத் துடைத்துக்கொண்டு வந்தார். "டேப் ஒட்டுறதும் இருக்கு, ரப்பருக்குள்ள சொருகுறதும் இருக்கு. டேப்புக்கு எடம் காஞ்சிருக்கணும். இந்த மழையில பிடிக்காது."

"சொருகுறதே போடுங்க."

அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து, மேல் சட்டத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்ததை ஈரத்துணியால் துடைத்தார். துடைப்பதற்கு முன் ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். பட்டையை மெல்ல வில் போல வளைத்து, கண்ணாடி ஓடும் ரப்பருக்குள் ஒரு முனையைக் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மறுமுனைக்குப் போனார். டக்கென்று உட்கார்ந்தது.

"ஒரு நா முழுக்கக் கண்ணாடிய ஏத்தியே வச்சிருங்கண்ணே. அப்பத்தான் செட் ஆகும். இப்பவே எறக்குனீங்கன்னா திரும்ப ஏத்தும்போது வைசர்ல முட்டிக்கிட்டு நிக்கும்."

"ஏற வேண்டியதில்லங்க. எறங்குனாப் போதும்."

அரவிந்த்குமார் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். செம்மலின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, டிரைவர் பக்கத்துக் கதவுக்கு வந்தார்.

"அந்தப் பக்கம் அப்பறம் பார்த்துக்குறேன்," என்று செம்மல் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போதே சித்தப்பா குணசேகரன் போனில் வந்துவிட்டார்.

"செம்மலு, எங்கிட்டு இருக்க? சொல்றேன்னு தப்பா நெனைக்காத. பாலத்தத் தாண்டுறப்ப அண்ணனுக்கு மூச்சு இருக்கணும். ஒனக்கே தெரியும்."

தெரியாமல் என்ன. ஊருக்கு வெளியே உயிர் போனவர்களை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவர்கள் ஊர் வழக்கம். யார் எப்போது போட்ட சட்டமோ, வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட வேண்டும். அங்கேயே பந்தல் போட்டு, அங்கேயே அழுது, அப்படியே சுடுகாட்டுக்கு. சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வந்த ஒரு பையனைப் பாலத்தில் மறித்து நிறுத்தியவர்களில் ஆத்மநாதனும் ஒருவர். அடுத்த வருஷமே அவர் மனைவி கண்ணாத்தாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள். அவளையும் அதே பாலத்தில்தான் இறக்கினார்கள். அவள் மண் சுமந்து கட்டிய வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆத்மநாதன் வாயைத் திறக்கவில்லை. எந்த வாயால் கேட்பார்?

அதற்குப் பிறகு அவர் வீட்டில் தனியாக இருக்கமாட்டார். செம்மலுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தங்கை இலக்கியா அறந்தாங்கியில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். அப்பனும் மகனும்தான். விடிந்தால் வண்டியில் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துவிடுவார். சுமை தூக்க முடியாது, கணக்குப் பார்க்கத் தெரியாது. ஒரே ஒரு வேலையை மட்டும் தானாக எடுத்துக்கொண்டார். திருப்பங்களில் இடதுபக்கம் எட்டிப் பார்த்து, பைக்காரன் எவனும் நுழையவில்லை என்றால், "வரலாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத நாட்கள் நிறைய உண்டு. செம்மலுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, நர்ஸ் ஒருத்தியும் செம்மலுமாக அவரைத் தூக்கி இடதுபக்கம் உட்கார வைத்தார்கள். முதுகுக்குத் தலையணை, இடுப்பைச் சுற்றிப் பெல்ட். செம்மல் கண்ணாடியை நாலு விரல் இறக்கினான். வைசர் மழையை வாங்கி வெளியே தள்ளியது. அப்பா முகத்தை அந்த இடைவெளிக்குக் கொண்டுபோய், தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பவரைப் போல இழுத்தார்.

"இது எப்ப மாட்டுன?"

"இப்பத்தான்."

"சாரல் வரல," என்றார். பிறகு கொஞ்ச தூரம் போனதும், "நல்லாருக்குடா," என்றார்.

நாலு வருஷம் முன்னால் மாட்டியிருக்கலாம். எத்தனை மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புழுக்கத்தில் துண்டால் விசிறிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு தடவைகூட அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

வண்டியை மெதுவாகத்தான் ஓட்டினான். பள்ளம் வந்தால் இன்னும் மெதுவாக. அப்பா சாலையோரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தைல மரக் காடு, நீர் ஏறிய கண்மாய், குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர் மூச்சு பட்டுக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது, மங்கியது, மறுபடி படிந்தது. செம்மல் சாலையைப் பாதியும் அந்த ஆவியைப் பாதியுமாகப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் எதிரே ஒரு லாரி வந்தது. அதற்கு விலகி, சேற்றில் இறங்கி ஏறியதில் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஊருக்குப் பிரியும் சாலை வந்துவிட்டது. இடதுபக்கம் திரும்ப வேண்டும். வண்டியை நிறுத்தி, எப்போதும்போலக் காத்திருந்தான்.

சொல் வரவில்லை.

தூங்கியிருப்பார் என்று இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். வைப்பர் இப்படியும் அப்படியும் போய்வந்தது. பின்னால் யாரோ ஆரன் அடித்தார்கள். செம்மல் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் வாய் லேசாகத் திறந்து, முகம் காற்றைப் பார்த்தபடியே இருந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. அதன் வழியே சாலையோரத்து வயல் நன்றாகத் தெரிந்தது.

பாலத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது.

"அப்பா," என்றான். மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தான். மழைக்காற்றுதான் விரலில் பட்டது. இறங்கிக் கத்தி அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் அப்பாவைப் பாலத்தில்தான் இறக்குவார்கள். அம்மாவுக்குப் போட்ட இடத்திலேயே பந்தல். செம்மல் இடதுபக்கம் தானே எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை. வண்டியைத் திருப்பினான்.

பாலம் கண்ணில் பட்டபோது அங்கே மூன்று குடைகள் நிற்பதும் தெரிந்தது. சித்தப்பாவும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் மழைத் துளி படிந்து கொஞ்சம் மறைக்கும் என்று நினைத்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, அப்பாவின் மடிக்கு மேலே சாய்ந்து கைப்பிடியைச் சுற்றினான். அப்பாவின் சட்டையில் மருந்து வாடைக்கு அடியில் இன்னும் அவருடைய வாடை இருந்தது. கண்ணாடி ஒரு விரல் ஏறி, வைசரில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரர் சொன்னது போலவே. கறுப்பாவது வாங்கியிருக்கலாம். பார்த்துப் பார்த்து, வெளியே தெரிவதாக வாங்கினான். வெளியே தெரிந்தால் உள்ளேயும் தெரியும் என்பது அந்த அவசரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை.

வண்டியை நிறுத்தாமல் ஓரமாக ஊர்ந்தான். சித்தப்பா குடையோடு கூடவே நடந்து வந்தார்.

"அண்ணனுக்கு எப்டிறா இருக்கு?"

"தூங்குறாரு சித்தப்பா."

"மூச்சு?"

"இருக்கு."

தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே பயமாக இருந்தது. சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி முழுதும் மழைத் துளி. அதைத் துடைக்காமலேயே குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "போ, போ, சீக்கிரம் போ. இலக்கியா பாலோட நிக்குது," என்றார்.

வண்டி பாலத்தைத் தாண்டியது.

வாசலில் இலக்கியா ஒரு டம்ளரை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். "அப்பா, வீடு வந்துருச்சுப்பா. நம்ம வீடுப்பா," என்று அவர் தாடையைத் தாங்கி வாயில் பாலை விட்டாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். செம்மல் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே ஓடிவந்த சித்தப்பா அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சும்மா," என்றார். "வாசலுக்கு வந்து, மக கையால பாலக் குடிச்சுட்டுத்தான் போயிருக்காரு."

இலக்கியா அலறினாள். அதற்குப் பிறகு செம்மலும் அழுதான். இவ்வளவு நேரம் அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

அன்றிரவு ஆத்மநாதன் அவர் வீட்டு நடுக்கூடத்தில்தான் படுத்திருந்தார். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. வந்தவர்கள் எல்லாரும், நல்ல சாவு, எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார்கள். பாலத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவர், வண்டி தாண்டும்போது அவர் தலையை அசைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். செம்மல் மறுக்கவில்லை. மறுநாள் முற்பகலில் மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, மதியத்துக்கு மேல் வீடு காலியாகிவிட்டது. இலக்கியா உள்ளறையில் குவைத்தில் இருக்கும் புருஷனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். செம்மல் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். காதை மூடிக்கொள்ளவா முடியும்? எல்லாம் கேட்டது.

"ரெண்டு மடக்குப் பால் உள்ள போச்சுங்க. என் கையாலதான். அப்பான்னு கூப்புட்டேன், கண்ணத் தொறந்து என்னப் பார்த்தாரு. பார்த்துட்டுத்தான்..."

காலையில் அவள் வந்தவர்களிடம் சொன்னபோது கண் திறந்த பேச்சே கிடையாது. பால் குடித்தது மட்டும்தான். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றிலிருந்தே செம்மலுக்கு இருந்தது. ஊரிடம் மறைத்தது ஊரோடு போகட்டும். இவளிடமாவது சொன்னால், சொல்லி அழ ஒரு ஆள் இருக்கும். ஆள் எல்லாம் போகட்டும் என்றுதான் காத்திருந்தான்.

இலக்கியா போனோடு கூடத்துக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, இவரு ஒங்கிட்டப் பேசணுமாம்." போனைக் கொடுக்காமல் ஒரு கணம் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அப்பா என்னயப் பார்த்தாருல்லண்ணே? நீ பக்கத்துலதான இருந்த."

செம்மல் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"ஆமா மாப்ள," என்றான். "இவளத்தான் பார்த்தாரு. கண்ணு நல்லாத் தொறந்துருந்துச்சு."

அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை ஏதேதோ சொன்னார். ம், ம் என்று கேட்டுக்கொண்டான். இலக்கியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கழுவிவிட்ட தரை இந்த மழை நாளில் இன்னும் காயாமல் கிடந்தது. செம்மல் ஃபேனைப் போட்டுவிட்டு, ஈரம் இல்லாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தான்.