சதவீதக் குறிக்குப் பின்னால்

அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்து முதல் பிரதியைப் புரட்டினான் சஜீவன். இரிஞ்ஞாலக்குடா வாசகசாலையின் ஆண்டு மலர். ஏழாம் பக்கத்தில் ‘நம் உறுப்பினர்களில் 60’ என்பதோடு எழுத்து நின்றுபோயிருந்தது. மீதிப் பத்தியைக் காணவில்லை.

பத்தியோடு காணாமல் போனது தங்கமணிச் சேச்சி. தோளில் புத்தகப் பையோடு வீடு வீடாக ஏறி இறங்கி, அடுக்களைப் பெண்களை வாசிக்க வைத்தவள். எந்த மலரிலும் அவள் பெயர் வந்ததில்லை. இம்முறை கமிட்டியில் மல்லுக்கு நின்று அந்தப் பத்தியைச் சேர்த்தவன் சஜீவன். திருட்டு மென்பொருள் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிலேயே பிடிஎஃப் செய்து தருகிறேன் என்று மார்தட்டியவனும் அவன்தான்.

மடிக்கணினியைத் திறந்தான். பத்தி முழுசாக இருந்தது, ‘60’ஐ அடுத்த % குறியிலிருந்து சாம்பல் நிறத்தில். டெக்கில் சதவீதக் குறி போட்டால், அதன்பின் அந்த வரியில் வருவதெல்லாம் எழுதுகிறவனுக்கான குறிப்பு, அச்சுக்குப் போகாது. குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தால் தப்பித்திருக்கும். மறந்துவிட்டான். பத்தியை ஒரே நீள வரியாக வேறு ஒட்டியிருந்தான். கடைசியாகப் பிழை திருத்தியதுகூட பிடிஎஃப்பில் இல்லை, இந்தத் திரையில்தான். தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வாசகசாலைச் செயலாளரும் வாத்தியாருமான வாரியர் மாஷ் எட்டிப் பார்த்தார். “ஓசில கெடைச்சா இப்படித்தான்டா. ஒரு பத்திதானே, விடு.”

கமிட்டியில் அந்தப் பத்தி வேண்டாமென்றவர் அவர்; குரலில் இருந்த நிம்மதியை சஜீவனால் பொறுக்க முடியவில்லை. அதற்குள் தங்கமணி வந்துவிட்டாள், மலர் வெளியீட்டு விழாவுக்கென்று சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையில்.

“ஏழாம் பக்கம்னு சொன்னியே?”

அவள் புரட்டினாள். பார்த்தாள். அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். “எழுதினேன் சேச்சி, இதோ இருக்கு. அச்சுலதான் வரல.”

உதடசைத்து, நிதானமாக வாசித்தாள். “நல்லாத்தான் எழுதியிருக்க. எல்லாருக்கும் என்னைத் தெரியும், எங்கயும் இருக்க மாட்டேன். புதுசா என்ன?”

“இப்பவே திருத்தி எல்லார் போனுக்கும் பிடிஎஃப் அனுப்பிடறேன்.”

“அனுப்பு. ஆனா பொஸ்தகம் வாங்குறவங்களுக்குப் பொஸ்தகத்துல இருக்கணும்.” பையிலிருந்து பேனாவை எடுத்து அவன் முன் வைத்தாள். “உக்காரு.”

வெளியே மைக் கரகரத்தது. சஜீவன் ஏழாம் பக்கத்தின் ஓரத்து வெள்ளையில் விடுபட்ட பத்தியைப் பொடி எழுத்தில் எழுதத் தொடங்கினான்.

மாஷ் மறுபடி வந்தார். “விளக்கேத்தப் போறாங்க. பிரதியைக் கொண்டாங்க.”

“இருங்க மாஷே,” என்றாள் தங்கமணி. “நான் இன்னும் உள்ள வந்து சேரல.”

குனிந்து மை காய ஊதிவிட்டு, அடுத்த பிரதியை விரித்து அவன் பக்கம் தள்ளினாள்.