அவனிடம் சொன்னது

இந்தக் காலத்தில் துக்கம் விசாரிக்க வருகிறவன்கூட ஒரு காரியத்தோடுதான் வருகிறான். ஒரு கை கண்ணைத் துடைக்கிறது, இன்னொரு கை போனைத் தடவுகிறது. வாய் 'அடப் பாவமே' என்கிறது, பார்வை வீட்டை எடை போடுகிறது. இங்கே யார் பேச்சு எடுபடும், யார் ஏமாளி, யாரைக் கிளறினால் என்ன வரும் என்று கணக்குப் போடுகிறது. முன்பெல்லாம் மனுஷர்கள் தங்கமாக இருந்தார்கள் என்று பெரியவர் சொல்ல வரவில்லை. அப்போதும் அயோக்கியன்கள் இருந்தார்கள். ஆனால் சாவு வீட்டுக்கு வரும்போது அயோக்கியத்தனத்தை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள், திரும்பிப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். இப்போது கூடவே உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

"கேக்கறியா?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளிடம்.

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க மாமா."

"நேத்து கேட்டிருந்தா இன்னிக்கு எதுக்குச் சொல்றேன்?"

சமரசப் பேச்சு நடக்கும் அறைக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்ட தாழ்வாரம் அது. சுவரில் இருந்த கடிகாரம் ஓடவில்லை. பெரியவர் முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். கட்டிடத்தில் லிஃப்ட் இருந்தது. மருமகள் அதில்தான் மேலே வந்தாள். அவர் ஏறமாட்டார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கி, படியேறித்தான் வந்தார். மகன் செத்ததிலிருந்து இப்படித்தான்.

மகன் ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியைப் பின்னோக்கி நடந்தபடியே இழுத்துக்கொண்டு போய் சரக்கு லிஃப்டில் ஏற்ற வேண்டும். அன்றைக்கும் இழுத்தான். கதவு திறந்தது, ஆனால் உள்ளே லிஃப்ட் இல்லை. லிஃப்ட் வராமல் கதவு திறக்கக் கூடாது, அதற்கென்றே கதவில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு வீணாய்ப்போய் வெகுநாளாகிறது என்று அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்னார்கள். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வண்டியோடு உள்ளே போய்விட்டான்.

சாவு வீட்டுக்குக் கம்பெனி சார்பில் ஒருவன் வந்தான். ஆள் நல்ல உயரம், மடித்த கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அதனால் வீட்டில் அவனுக்குக் கைக்குட்டை என்றே பெயராகிவிட்டது. வந்தவன் சும்மா இருக்கவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டான், வண்டிக்கு ஏற்பாடு செய்தான், பேத்தியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். நாற்பது வருஷம் லாரி ஓட்டி, எந்தச் செக்போஸ்ட்காரனையும் எந்த மெக்கானிக்கையும் நம்பாத பெரியவர் அவனை நம்பினார். காரணம் சாதாரணமானது. மற்றவர்கள் எல்லாம் ஆறுதல் சொன்னார்கள், அவன் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து பேசாமல் நின்றான். பேசாமல் நிற்கிறவன் நல்லவன் என்று நினைத்துவிட்டார். அவன் சட்டைப்பையில் போன் பேசாமல் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

பிறகு வக்கீல் மூலம் இழப்பீடு கேட்டு மனுப் போட்டதும் கம்பெனியின் பதில் வந்தது. பூட்டில் சிறு கோளாறு இருந்தது உண்மைதான், ஆனால் இறந்தவர் அதைத் தெரிந்தே பார்க்காமல் நடந்தார், அவர் அவசர புத்திக்காரர் என்று அவரைப் பெற்ற தகப்பனே சொல்லியிருக்கிறார், குரல் பதிவு இருக்கிறது. வக்கீலம்மா அதைப் படித்துக் காட்டியபோது பெரியவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்த பிறகு தரையைப் பார்த்தார்.

இந்தப் பதில் எடுபட்டுவிட்டால் மருமகளுக்கும் பேத்திக்கும் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாள். அதோடு, தன் அவசரத்தால் தானே செத்தான் என்று மகன் பெயரில் எழுதி முடித்துவிடுவார்கள். அப்பன் வாயாலேயே.

மருமகளின் அண்ணன் ஒரு யோசனை சொன்னான். சொல்லவே இல்லை, அது என் குரலே இல்லை என்று அடித்துப் பேசிவிடுங்கள் என்றான். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வக்கீலம்மா மீதும் பெரியவருக்கு நம்பிக்கை இல்லை. குள்ளமான பெண், தன் உடம்பில் பாதி இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு அலைவாள். மத்தியானச் சாப்பாடு மேஜை டிராயரில் இருக்கும் பிஸ்கட்தான். ஜெயித்தால் கூலி, தோற்றால் வேண்டாம் என்றாள். தோற்றால் வேண்டாம் என்கிறவள் எதற்கு வருகிறாள் என்று அவர் அன்றைக்கே மருமகளிடம் கேட்டார். போதாக்குறைக்கு, உங்கள் மகனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் அவரை விடாமல் பிடுங்கினாள். அவர் யோசித்து யோசித்து, "வேலைக்கு ஒழுங்காப் போனான்" என்றார். வேறு? "வேற என்ன? ஒரு நாள்கூட வண்டிச் சாவிய எடுத்த இடத்துல வைக்கமாட்டான்."

அந்த வீட்டில் யாரும் யாரையும் புகழ்வதில்லை. அவருடைய அப்பா அவரைப் புகழ்ந்ததில்லை, அவர் மகனைப் புகழ்ந்ததில்லை. புகழ்ச்சியெல்லாம் வெளியாட்களுக்கு. வீட்டு மனுஷன் என்றால் திட்டு. மகன் சின்ன வயதில் பாலைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டபோது வைத்த பெயர் அவசரக்குடுக்கை. கல்யாணத்தன்றும் அதுதான், மகள் பிறந்த அன்றும் அதுதான். அவனும் சளைத்தவன் இல்லை. 'சும்மா இரு கிழம்' என்பான். கிழம் சும்மா இருக்காது. அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

அறைக்குள் கூப்பிட்டார்கள். நீள மேஜை, நடுவில் நடுவர் அம்மா, எதிரில் கம்பெனி வக்கீல், அவர் பக்கத்தில் கைக்குட்டை. இன்றைக்குக் கைக்குட்டை கையில் இல்லை. பெரியவர் முதலில் அதைத்தான் கவனித்தார்.

கம்பெனி வக்கீல் மரியாதையானவர். ஐயா, ஐயா என்றே பேசினார். ஒரு சின்னக் கருவியை மேஜையில் வைத்து அமுக்கினார். பெரியவரின் குரல் கரகரவென்று வெளியே வந்தது. 'அவசரக்குடுக்கை. பாத்து நடடா பாத்து நடடான்னு எத்தனை தடவை சொன்னேன். கேட்டானா?' அதோடு நிறுத்திவிட்டார்.

"இது நீங்க பேசினதுதானே ஐயா?"

"நான்தான்."

"உங்க பையன் பாக்காம நடக்கற ஆளுன்னு சொல்றீங்க."

"சொன்னேன்."

மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். வக்கீலம்மா அவள் கையை மேஜைக்கு அடியில் அழுத்தினாள். பிறகு, முழுப் பதிவையும் போடச் சொல்லிக் கேட்டாள். தேவையில்லை என்றார் கம்பெனி வக்கீல். சாட்சி என்று கொண்டுவந்துவிட்டுப் பாதியை மறைத்து வைப்பது எந்த ஊர் நியாயம் என்று அவள் கேட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போடுங்கள் என்றாள்.

மறுபடி அந்தக் குரல். பின்னால் யாரோ அழுகிற சத்தம், பாத்திரம் நகர்கிற சத்தம். 'கேட்டானா? எந்திரிடா. எந்திரிடான்றேன். எல்லாத்துலயும் அவசரம். இதுலயுமாடா? அப்பனைத் தள்ளிட்டு முந்திக்கிட்டுப் போற. வரிசைன்னு ஒண்ணு கிடையாதாடா உனக்கு?' ஒரு இடைவெளி. பிறகு அதே குரல் வேறு பக்கம் திரும்பியது. 'நீ என்னடி மரம் மாதிரி நிக்கற, அறிவு கெட்டவளே. காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிச்சியா? யாராவது அவளுக்குத் தண்ணி குடுங்களேன், தடிமாடுங்களா.'

கருவி நின்றது. பெரியவர் தன் குரலை அதுவரை கேட்டதில்லை. யாரோ ஒரு கிழவன் கத்துவது போல இருந்தது. அவர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவன்கிட்ட சொன்னது," என்றார். "உங்ககிட்ட சொல்லல."

கம்பெனி வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். யாரிடம் சொன்னாலும் சொன்ன விஷயம் ஒன்றுதானே என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு இல்ல. நான் இங்க வந்து உங்களை ஏதாவது திட்டினேனா? வாங்க போங்கன்னுதானே பேசறேன். நீங்க எனக்கு யாரு, திட்டறதுக்கு? அவன் என் பிள்ளை. உயிரோட இருந்தா இப்பவும் திட்டுவேன். இவரு" – கைக்குட்டையின் பக்கம் தாடையை ஆட்டினார் – "துக்கத்துக்கு வந்தாருன்னு நினைச்சேன். நாற்காலி போட்டாரே, நல்ல மனுஷன்னு நினைச்சேன். புத்தி கெட்டது எனக்குத்தான்."

கைக்குட்டை மேஜையின் விளிம்பைப் பார்த்தான்.

நடுவர் அம்மா மருமகளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். மருமகள் அதுவரை எந்த அறையிலும் வாய் திறந்ததில்லை. வக்கீலம்மா சொல்லிக்கொடுத்தது எதையும் அவள் சொல்லவில்லை.

"நான் அந்த வீட்டுக்குப் போன புதுசுல மாமா என்னை வாங்க போங்கன்னுதான் பேசினாரு. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. எனக்கு அழுகையா வரும், என்னைப் பிடிக்கலையோன்னு. ஒரு நாள் மழையில நனைஞ்சு வந்தேன். அறிவு கெட்டவளே, குடை எடுத்துட்டுப் போகத் தெரியாதான்னு கத்தினாரு. அவர்கிட்ட போய், உங்கப்பா என்னைத் திட்டிட்டாருன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. இனிமே உன்னை யாரும் இந்த வீட்டை விட்டு அசைக்க முடியாதுன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவரு பாத்துத்தான் நடப்பாரு. தள்ளுவண்டிய முன்னாடி தள்ளிட்டுப் போனா பாரம் மறைச்சுப் பாதை தெரியாது, எங்கயாவது இடிக்கும்னு கம்பெனிதான் பின்பக்கமா நடந்து இழுக்கச் சொல்லியிருக்கு. முதுகுல கண்ணா இருக்கு?"

கம்பெனி வக்கீல் குறித்துக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். நடுவர் அம்மா அவரையும் கைக்குட்டையையும் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். வெகுநேரம் ஆயிற்று. ஒரு ஆள் டீ கொண்டுவந்தான், அது ஆறி ஆடை கட்டியது. மருமகள் மேஜையில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். பெரியவர் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டிடத்தில் துணி காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட ஒரு அளவுக்கு மேல் வருவதில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

வக்கீலம்மா திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. கொடுக்கிறார்கள் என்றாள். பேத்தி படித்து முடிக்கிற வரைக்கும் கவலை இல்லை. அந்த அவசர புத்தி வரியை எடுத்துவிடவும் ஒப்புக்கொண்டார்கள். இனி அது எங்கேயும் இருக்காது.

"அப்ப யார் தப்புன்னு எழுதியிருக்கு?" என்றார் பெரியவர்.

வக்கீலம்மாவின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. யார் தப்பு என்றும் எழுதமாட்டார்கள், சமரசம் என்றால் அப்படித்தான் என்றாள். கம்பெனி தன் தப்பை ஒப்புக்கொள்ளாது. கொடுப்பதைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

"அவன் தப்பும் இல்ல. அவங்க தப்பும் இல்ல."

"ஆமாய்யா."

"பின்ன யாரு, என் தப்பா?"

மருமகள் தலையை நிமிர்த்தினாள். கண் சிவந்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் வழக்கு நடத்தலாம், வருஷக்கணக்காகும், வென்றாலும் வெல்லலாம் என்று வக்கீலம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். தகப்பன் என்ற முறையில் அவர் கையெழுத்தும் வேண்டும், அவர் மாட்டேன் என்றால் இன்றைக்கு முடியாது. மருமகள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றே சொல்லியிருப்பார். அவள் ஆறிப்போன டீயை எடுத்து, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அவர் பேனாவை வாங்கினார். லைசென்ஸுக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து அது ஒன்றுதான். எழுத்தெழுத்தாக, கடைசி எழுத்தின் கொம்பு வரைக்கும் விடாமல் போட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுதுய்யா," என்றாள் வக்கீலம்மா.

"என்ன முடிஞ்சுது? உனக்கும் அறிவு கிடையாது. நாள் முழுக்கப் பச்சைத்தண்ணி பல்லுல படாம இந்தப் பையைத் தூக்கிட்டு ஆடற. மயங்கி விழுந்தா அதுக்கும் ஒருத்தன் வந்து யார் தப்பும் இல்லன்னு எழுதிட்டுப் போவான்."

வக்கீலம்மா திகைத்து மருமகளைப் பார்த்தாள். மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் கைக்குட்டை நின்றிருந்தான். ஒதுங்கி வழிவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் பெரியவர் கேட்டுவிட்டார்.

"அந்தக் கதவு, பூட்டு மாத்திட்டீங்களா?"

"நடவடிக்கை எடுத்துட்டு இருக்கோம் ஐயா."

"மாத்திட்டீங்களான்னு கேட்டேன்."

"சீக்கிரமே ஐயா."

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. மருமகள் ஒரு அடி வைக்கப் போனாள். பெரியவர் கையை நீட்டி அவளைத் தடுத்தார். குனிந்து உள்ளே பார்த்தார். செருப்பு முனையால் லிஃப்டின் தரையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, "ம், போ," என்றார்.

"நீங்களும் வாங்க மாமா. முழங்கால் வலிக்கும்."

"போடி, எனக்குத் தெரியும்."

கதவு மூடிய பிறகும், கீழே போகிற சத்தம் ஒழுங்காகக் கேட்கிறதா என்று காதைக் கொடுத்து நின்றார். கைக்குட்டை இன்னும் அங்கேயே நின்றிருந்தான். அவனைத் திட்ட வேண்டும் போலக்கூட இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.

"சீக்கிரமாம்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.