பால் ஊற்றச் சொன்ன நர்சம்மா

சண்முகவள்ளி நர்சம்மாவை எங்கள் சாணார்பட்டிப் பக்கம் தெய்வமென்றே சொன்னார்கள். திண்டுக்கல்லில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஓர் உயிர் போகப் போகிறதென்றால், முன்கூட்டியே ஊருக்குச் சொல்லி அனுப்பிவிடுவாள். பெற்ற பிள்ளை பால் ஊற்றாமல் போகிற உயிர் தவித்துப்போகும் என்று பயப்படுகிற சனம் நாங்கள். நேரத்துக்கு வந்து சேர்ந்தோமே என்று செத்த வீட்டுக்காரர்களே அவளைக் கும்பிட்டார்கள். என் மாமியாருக்கும் அவள்தான் நாள் சொன்னாள்.

அடுத்த வருஷம், ஐம்பத்தெட்டில், என் வீட்டுக்காரர் நெஞ்சுச்சளியோடு அங்கேயே படுத்தார். காய்ச்சல் இறங்கி, ஒருநாள் காலையில் கஞ்சிக்கு வெஞ்சனம் கேட்டு என்னோடு மல்லுக்கு நின்றார். "கருவாடு எங்கடி?" என்று அவர் கத்தியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. மத்தியானம் நர்சம்மா என் தோளைத் தொட்டாள்.

"பேச்சாயி, மகளுக்குச் சொல்லி அனுப்பு. பொழுது சாயுறவரைக்கும் தாங்காது."

"கருவாடு கேக்குற மனுசனுக்கா?"

"அது கடைசித் தெளிவு, தாயி."

சின்னாளப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் செம்பில் பாலோடு அழுதுகொண்டே வந்தாள். கொழுந்தன் கருப்புசாமியும் வந்தான். நர்சம்மா ஊசியோடு கட்டிலை நெருங்கினாள். நான் குறுக்கே விழுந்தேன்.

"டாக்டர் வந்து பாக்காம ஊசி போடக் கூடாது!"

"மதினி, கிறுக்குப் புடிச்சிருச்சா? நம்ம ஆத்தாளுக்கு நேரம் சொன்ன புண்ணியவதி!" என்று கொழுந்தன் சீறினான்.

"போடா அங்கிட்டு! தாலி என் கழுத்துலதான கெடக்கு!"

கூச்சல் கேட்டு டாக்டர் வந்தார். "நான் ஊசி எதுவும் சொல்லலையே?" என்று அதை வாங்கிக்கொண்டார். இதற்குள் என் வீட்டுக்காரர் மகள் கையிலிருந்த செம்பை வாங்கி மொத்தப் பாலையும் குடித்துவிட்டு, "சீனி போடலையா?" என்று கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவரைக் கட்டிக்கொண்டேன்.

ஊசியில் இருந்தது விஷம். போலீஸ் வந்தது, கோர்ட்டில் ஆயுள் தண்டனை ஆனது. காசுக்கும் செய்யவில்லையாம், பகைக்கும் செய்யவில்லையாம். பின்னே எதற்கு? எங்கள் கும்பிடுதான் அவளுக்கு ருசித்துப்போயிற்றோ என்னவோ.

தீர்ப்பு வந்த அன்று ஊரே அவளைத் தூற்றியது. என் வீட்டுக்காரரோ நான் ஆற்றிக் கொடுத்த பாலைத் தள்ளி வைத்தார்.

"ஆத்தாளும் சாகுற அன்னைக்குக் காலையில கஞ்சி கேட்டா, பேச்சாயி. நான் பாலை ஊத்திட்டு, அந்த நர்சம்மா கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."