வெட்டாத படம்

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஊடகவியல் என்று ஒரு பாடத்தை வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், லாண்டரிக்காரர் அவர் சட்டையை இலவசமாகவே தேய்த்து, முதுகில் ஒரு பெரிய ஓட்டையும் போட்டுக் கொடுத்திருப்பார். அவருடைய மகளுக்குப் பதினேழு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். அந்தப் பாப்பா கணக்கியலை விட்டுவிட்டு ஊடகவியலை எடுத்ததிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"டிவி பாக்கறதுக்கு வாத்தியார் எதுக்கு? உங்கம்மா யார்கிட்ட போய் கத்துக்கிட்டா?" என்பார்.

கடைசியில் இறங்கி வந்து ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இந்தப் பருவத்தின் செய்முறை வேலையை அவரே பார்ப்பார். உருப்படியாக இல்லையென்றால் பேசாமல் கணக்கியலுக்குத் திரும்பிவிட வேண்டும். பாப்பாவுக்குக் கணக்கியல் என்றாலே கொட்டாவி. படத்தை வெட்டி ஒட்ட உட்கார்ந்தால் சோறு தண்ணீர் வேண்டாம்.

டீச்சர் கொடுத்த வேலை இதுதான்: ஒரே இடத்தில் எடுத்த காட்சிகளை வைத்து இரண்டு குட்டிப் படங்கள் செய்ய வேண்டும். ஒன்று அந்த இடத்தைப் புகழ வேண்டும், மற்றது கிழிக்க வேண்டும். புதிதாக ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. கையில் வெண்ணெய் இருக்கும்போது நெய்க்கு அலைவானேன்? பாப்பா அப்பாவின் கடை கவுண்டரிலேயே கேமராவை வைத்தாள். வந்தவர்கள் முதலில் தலையைக் கோதிக்கொண்டார்கள். பிறகு கேமராவை மறந்துவிட்டு வழக்கம்போலப் பேச ஆரம்பித்தார்கள்.

விளம்பரம் சுமாராகத்தான் வந்தது. கிழிக்கிற படம்தான், சொல்லக் கூடாது, அப்படி வந்திருந்தது. அதில் பாப்பாவின் குரல், "வாடிக்கையாளர் புகார் சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கும். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "அது தினமும் நடக்கறது. ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுருவேன்" என்பார். அடுத்த காட்சியில் கிழிந்த சட்டை ஒன்று தொங்கும், கடைக்கு வரும்போதே கிழிந்திருந்த சட்டை. அதன்மேல் அப்பாவின் சிரிப்பு இன்னொரு தடவை. வெட்டி முடித்தபோது பாப்பாவுக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்பா பார்க்கட்டும் என்று இரண்டு படங்களையும் கடை போனுக்கு அனுப்பினாள். அந்த போன் சித்தப்பாவின் கையில் இருந்தது. சித்தப்பாவுக்கு எதையும் திறந்து பார்க்கும் பழக்கம் கிடையாது, ஊருக்கெல்லாம் அனுப்பும் பழக்கம் மட்டும் உண்டு. எது மேலே இருந்ததோ அதை எடுத்து, "நம்ம பாப்பா செய்த விளம்பரம், கண்டு மகிழுங்கள்" என்று வாடிக்கையாளர் குரூப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பாப்பா பள்ளி விட்டு வந்தபோது கடை முழுக்க ஜனம். எல்லோரும் துணியைத் திருப்பிக் கேட்டார்கள். அப்பா கவுண்டருக்குப் பின்னால் போனைப் பிடித்தபடி நின்றிருந்தார். கத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் கத்தவில்லை.

"நான் இப்படியா பாப்பா சிரிக்கறேன்?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. "இல்லப்பா. நான்தான் வெட்டி ஒட்டினேன். அந்தப் பதிலுக்கு நான் கேட்ட கேள்வி வேற."

"கேட்டது என்னவா இருந்தாலும் பதில் அவர் சொன்னதுதானே!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட்டத்துக்கு அவரே தலைவராகியிருந்தார்.

"வேணும்னா இந்த விளம்பரத்தைப் பாருங்க சார்…"

"விளம்பரத்தை எவன் நம்புவான்? முழுசா எடுத்தது இருக்கா? அதைப் போடு. வெட்டாம, தாண்டாம, முதல்லேர்ந்து."

பாப்பா தயங்கினாள். "சார், அதுல வந்து…"

"பாத்தீங்களா, மறைக்கறா!"

சரி, வினையை விலை கொடுத்து வாங்குகிறார் என்று நினைத்தபடி பாப்பா மடிக்கணினியைக் கடை டிவியோடு இணைத்தாள்.

முதல் காட்சியிலேயே தலைமையாசிரியர் வந்தார். சட்டைக் காலரைக் காட்டி, "முடிச் சாயம்பா. யாருக்கும் தெரிய வேணாம்" என்று கிசுகிசுத்தார். கடையில் இருந்த அத்தனை கண்களும் அவருடைய கருகருவென்ற தலைப் பக்கம் திரும்பின. அடுத்து வந்தவர் பல் டாக்டர். அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் சாக்லேட் உருகி வழிந்திருந்தது. அவரிடம் பல்லைக் கொடுத்துவிட்டு இனிப்பை மறந்த நாலைந்து பேர் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"போதும்மா, நம்பிட்டோம்!" என்றார் டாக்டர்.

"தாண்டக் கூடாதுன்னாரு சார்" என்றாள் பாப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

அடுத்தது தன் துணிதானோ என்ற பயத்தில் ஆளாளுக்கு வாசலைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு அம்மாவும் வந்து சேர்ந்த நேரம், திரையில் பாப்பாவின் கேள்வி ஒலித்தது: "வீட்டுல அம்மா திட்டுனா என்னப்பா பண்ணுவீங்க?"

"நிறுத்து! நிறுத்து!" என்று இந்த முறை கத்தியவர் அப்பா. திரையில் இருந்த அப்பாவோ வாய்விட்டுச் சிரித்து, ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுருவேன் என்று சொல்லி முடித்துவிட்டார்.

அம்மா "வீட்டுக்கு வாங்க" என்றாள், அவ்வளவுதான். லாண்டரிக்காரர் குற்றமற்றவர் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெளிந்துவிட்டது. கூட்டம் துணியை அங்கேயே விட்டுவிட்டு நழுவியது. போகும்போது தலைமையாசிரியர் பாப்பாவிடம் மெதுவாக, "அந்த முழுப்படம் பத்திரமா இருக்கட்டும்மா. யார்கிட்டயும் குடுக்காத" என்றார், கும்பிடாத குறையாக.

கடை காலியானதும் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். பாப்பா அவர் எதிரில் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கணக்கியல் புத்தகத்தின் அட்டை கண்முன் வந்து போனது.

"அந்தக் கெட்ட படத்தை மறுபடி போடு" என்றார் அப்பா.

போட்டாள். கன்னத்தில் கை வைத்தபடி கடைசிவரை பார்த்தார். தன் சிரிப்பு வந்த இடத்தில் பல்லைக் கடித்தார்.

"உண்மை என்னன்னு எனக்குத் தெரியும். இருந்தும் இவனைப் பாத்தா எனக்கே அடிக்கணும்போல இருக்கு." கொஞ்ச நேரம் திரையையே முறைத்தார். "இந்தக் கடைக்கு நானே துணி போட மாட்டேன் பாப்பா. இவ்ளோ தூரம் கத்துக்கிட்டவளைப் பாதியில விட்டா ஊருக்குத்தான் ஆபத்து. முழுசாப் படிச்சு முடி."