மெர்ல் ராம்சர் கொடுத்த முத்தம்

கேக்கைப் பார்த்ததுமே எனக்குக் குமட்டியது. சாப்பாட்டு மேசை நீளத்துக்கு ஒரு கேக். சாம்பல் நிற க்ரீமில் ஒரு சுவர். அந்தச் சுவரில் மூக்கு நசுங்கி ஒரு நீலக் கார். அதற்குப் பக்கத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல், எழுபத்தொன்றாம் நம்பர் போட்ட சிவப்புக் கார். அந்த நீலக் காருக்குள் என் புருஷன் இருந்தான். கேக்கில் இல்லை, நிஜத்தில். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், இதே காட்டன் க்ரீக் பந்தயத் திடலில், இதே மாதிரி ஒரு அக்டோபர் மத்தியானத்தில்.

அதை வெட்டி வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் நீலம்தான் வேண்டுமாம். குழந்தைகளுக்கு நாக்கு, பல், மூக்கு நுனி எல்லாம் நீலம். பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, விரலைச் சூப்பிக்கொண்டே திரும்பவும் வரிசையில் போய் நின்றார்கள்.

"மிஸ் நெல்டா, உங்களுக்கு ஒரு துண்டு வெட்டட்டுமா? கார் பக்கமா, சுவர் பக்கமா?" என்று கேட்டாள் கேக் வெட்டிக்கொண்டிருந்த பெண். எங்கள் ஊரில் கல்யாணமான பெரியவளையும் மரியாதைக்கு மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீயே தின்னும்மா. இடுப்பெலும்பு ஏதாவது பல்லுல மாட்டினா துப்பிடு."

நான் ஏதோ ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிவப்புக் காரை ஓட்டிய மெர்ல் ராம்சர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் இந்தத் திடலில் மெர்ல் ராம்சர் தினம் கொண்டாடுகிறார்கள். நான் இதுவரை வந்ததில்லை. வந்து பார்த்தால் நான் நினைத்ததைவிடக் கேவலமாக இருந்தது. வெயிலில் கழுத்து சிவந்த தடித் தடி ஆம்பிளைகள், முழங்கையில் எழுபத்தொன்று என்று பச்சை குத்தியவர்கள், வேகவைத்த வேர்க்கடலையை மென்றபடியே விசும்பி விசும்பி அழுதார்கள். ஒருவனுடைய தாடியில் ரொட்டிக்குத் தடவும் கடுகுச் சாந்து ஒழுகியிருந்தது. கண்ணீர் அதன்மேல் வடிந்து அது சட்டைக்கு இறங்கியது. அவன் துடைக்கவில்லை. மெர்ல் ஜெயித்த கதையைப் பாதியில் நிறுத்த மனசு வரவில்லை அவனுக்கு.

"நான் இங்கதான் உக்காந்திருந்தேன், இதே பலகையில," என்றான் இன்னொருத்தன் என்னிடம். "அந்த முத்தத்த இந்தக் கண்ணால பாத்தேன்."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்தொன்பது, மேடம்."

"அப்ப நீ உங்கம்மா வயித்துலகூட இருந்திருக்க மாட்டியே!"

"எங்கப்பா சொல்லிச் சொல்லி, பாத்த மாதிரியே ஆயிடுச்சு," என்றான் கொஞ்சம்கூட வெட்கப்படாமல்.

இந்தத் திடலில் நாலாயிரம் பேர்தான் உட்கார முடியும். அன்றைக்கு வந்திருந்ததாகச் சொன்னவர்களை மட்டும் நான் இதுவரை அதற்கு மேலேயே சந்தித்திருப்பேன்.

அவர்கள் 'முத்தம்' என்று சொல்வது இதுதான். கடைசிச் சுற்று. முதலில் போய்க்கொண்டிருந்தது டெல்மர் சிக்மன், என் புருஷன், நீலக் கார், நாற்பத்தி நாலாம் நம்பர். கடைசி வளைவில் பின்னாலிருந்து மெர்ல் தன் கார் மூக்கால் டெல்மரின் பின்பக்கத்தை லேசாகத் தொட்டான். அந்த வேகத்தில் லேசாகத் தொட்டால் போதும். டெல்மர் சுவருக்குப் போனான், மெர்ல் எல்லைக் கோட்டுக் கொடிக்குப் போனான். அப்புறம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் சொன்னான்: "நான் சும்மா ஒரு முத்தம்தான் குடுத்தேன்." சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அது பனியன்களில் அச்சாகிறது.

டெல்மருக்கு இடுப்பெலும்பு மூன்றாக உடைந்தது. பதினொரு மாதம் படுக்கை. அதற்கப்புறம் பந்தயக் காரில் அவன் உட்காரவே இல்லை. நாற்காலி தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம், ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றபடி நாற்காலிக் கால்களை இழைத்தான். முத்தமாம். தூ.

இந்தக் கதையை எத்தனை பேர் சொன்னாலும் டெல்மரின் பெயர் வராது. 'அந்த நீலக் கார்' என்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் திடலில் மைக் பிடித்து அறிவிக்கும் கார்லண்ட் ப்ரூயிட் போன மாதம் ஃபோன் பண்ணி, இந்த வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேடைக்கு வர முடியுமா என்று கேட்டபோது டெல்மரால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "என் சாட்சியச் சொல்ல விடணும்."

அந்தச் சாட்சி எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு அக்டோபரும் எங்கள் சபையில் எழுந்து நின்று சொல்வான். கார் சுவரை உரசிக்கொண்டே வந்து நிற்கிறது. மூச்சு விட முடியவில்லை, செத்துவிட்டோம் என்று நினைக்கிறான். கண்ணைத் திறந்தால் கண்ணெதிரே பன்னிரண்டாவது வரிசை. அங்கே அவனுடைய நெல்டா, அதாவது நான், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நிற்கிறேன். அத்தனை கூச்சலுக்கு நடுவே ஒருத்தி மட்டும் அவனுக்காகக் கர்த்தரிடம் மன்றாடுகிறாள். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது, சாக மாட்டோம் என்று. அதுவரை சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், அந்த ஒரு காட்சியால் கர்த்தரிடம் வந்தான்.

படுக்கையில் கிடந்த அந்தப் பதினொரு மாதமும் வலி தாங்க முடியாத நேரத்தில், "கையத் தூக்கு நெல்டா," என்பான். கட்டில் ஓரத்தில் நின்று தூக்குவேன். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவான்.

நான் கையைத் தூக்கியது மெர்லுக்காக.

சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் இப்போதுதான் முதல் தடவை சொல்கிறேன். நான் பிறந்தது ராம்சர் வெறி பிடித்த வீட்டில். எங்கப்பா சாப்பாட்டுக்கு முன்னால் பண்ணும் ஜெபத்தில் எழுபத்தொன்றாம் நம்பருக்கும் ஒரு வரி உண்டு. டெல்மரைக் கட்டிக்கொண்டு, அவன் நம்பர் போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சரி. ஆனால் அந்தச் சிவப்புக் கார் புகையைக் கிழித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டியபோது என் உடம்பு யாரையும் கேட்கவில்லை. துள்ளினேன். இரண்டு கையையும் தூக்கி "மெர்ல்!" என்று கத்தினேன். மூச்சு இரண்டு விடுகிற நேரம்தான். அந்த நேரத்தில்தான் என் புருஷனுடைய இடுப்பு உடைந்தது. அப்புறம்தான் நீலத்தைத் தேடினேன். தாடியில் கடுகு ஒழுக அழுகிறவனைப் பார்த்து எனக்கு ஏன் குமட்டுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

டிரெய்லர் வண்டியின் மேல் போட்ட மேடையில் கார்லண்ட் மைக்கைத் தட்டினான். "சனங்களே, இன்னிக்கு ஒரு விசேஷம் இருக்கு. இதுவரைக்கும் யாருமே பாக்காத படம்! அன்னிக்கு நடுத்திடல்ல நின்னுக்கிட்டு ஒருத்தர் கேமராவ உங்க பக்கம் திருப்பி வச்சிருக்காரு. அவரு பிள்ளைங்க பரண்ல இருந்து எடுத்துக் குடுத்தாங்க. நீங்க இத்தன வருஷமா பாத்ததுல காரு மட்டும்தான் இருக்கும். இதுல நீங்க இருக்கீங்க!"

டெல்மரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா, வீட்டுக்குப் போலாம். எனக்கு வயித்தப் பொரட்டுது."

"கேக்கு ஒத்துக்கலியா?"

"நான் எங்க தின்னேன்?"

"நான் ரெண்டு துண்டு தின்னேன், ஒண்ணும் பண்ணலியே. அந்த நீலம் நல்லாத்தான் இருந்துச்சு." அவன் உதடெல்லாம் நீலம். தன்னுடைய விபத்தைத் தானே தின்றுவிட்டு நல்லா இருந்தது என்கிறான்.

"டெல்மர், நான் சொல்றத ஒரே ஒரு தடவ கேளு."

"முப்பத்தொரு வருஷமா நீ சொல்றதத்தானே கேக்கறேன். இன்னிக்கு நான் சொல்றத இவங்க கேக்கட்டும்," என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் படியேறினான்.

கார்லண்ட் வாக்குக் கொடுத்தபடியே பெயரைச் சொன்னான். "நாப்பத்தி நாலாம் நம்பர், டெல்மர் சிக்மன்!" திடல் முழுக்க அந்தப் பெயர் எதிரொலித்தது. சனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். டெல்மர் தொப்பியைக் கழற்றினான், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப மாட்டிக்கொண்டான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குக்கூட யார் மேலும் வெறுப்பில்லை.

அப்புறம் சாட்சி சொன்னான். ஒரு வார்த்தை மாறவில்லை. "ரெண்டு கையும் வானத்தப் பாத்து," என்கிற இடத்தில் எப்போதும் போல் அவன் குரல் உடைந்தது. முன்வரிசையில் மூக்குச் சிந்தும் சத்தம். "ஆமென்! ஸ்தோத்திரம்!" என்றார்கள், நீல நாக்கு தெரிய.

"அந்தம்மா எங்க? எழுந்திருங்க மிஸ் நெல்டா!" என்றான் கார்லண்ட். எழுந்தேன். வேறென்ன செய்ய?

படம் ஓடியது. சத்தம் கிடையாது, வெறும் படம். மேடைக்குப் பின்னால் பெரிய திரை. திரையின் ஒரு ஓரத்தில் கடைசி வளைவு, மறு ஓரத்தில் கொடி, நடுவில் வரிசை வரிசையாக முகங்கள். பன்னிரண்டாவது வரிசையில் நீலச் சட்டையில் நான், இருபத்தெட்டு வயசு. நீலக் கார் சுவரில் மோதியது, புகை எழுந்தது. என் தலை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிவப்புக் கார் போன பக்கமே போயிற்று. என் இரண்டு கையும் மேலே எழுந்தன.

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினான் கார்லண்ட். படம் நின்றது. "பாருங்க சனங்களே! அதோ நீலச் சட்டை! ரெண்டு கையும்! அவரு சொன்ன மாதிரியே!"

கூட்டம் ஓவென்று அழுதது. யார் யாரோ வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள், வெங்காய நாற்றமும் வியர்வையும் கண்ணீருமாக. ஒருத்தி என் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். இத்தனை ஆயிரம் கண்ணில் ஒரு கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. பார்க்க வந்ததைத்தான் பார்த்தார்கள். திரையில் கொட்டகைக் கதவு அளவுக்கு என் முகம், கொடிப் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறவள் எவளும் அப்படிச் சிரிக்க மாட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு என் முகத்தின் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

டெல்மர் திரைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். முதலில் என்னை, அப்புறம் புகை இருந்த ஓரத்தை, அப்புறம் கொடி இருந்த ஓரத்தை, மறுபடி என்னை.

"எப்படி இருக்கு டெல்மர்? ஒரு வார்த்த சொல்லுங்க!" என்று கார்லண்ட் மைக்கை நீட்டினான்.

"படம் தெளிவா இருக்கு," என்றான் டெல்மர். அவ்வளவுதான். மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினான்.

வண்டி நிற்கும் இடம் வரை பத்துப் பேர் அவனை நிறுத்திப் பனியனில் கையெழுத்துக் கேட்டார்கள், சுவரில் மோதிய காரின் படத்துக்கு மேலேயே. எல்லாருக்கும் போட்டுக்கொடுத்தான். எங்கள் பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினோம். சாவியைப் போட்டான், திருகவில்லை.

"நெல்டா, உன் எடத்துல உக்காந்து பாத்தா கொடிக் கம்பம் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"நான்?"

பொய் சொல்லியிருக்கலாம். முப்பத்தொரு வருஷப் பழக்கம், ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அந்தக் கேக்கும் அந்தக் கட்டிப்பிடித்தல்களும் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தன, இன்னொரு வாய் உள்ளே போகாது.

"இடது பக்கம்."

நாற்காலிக் காலை அளந்து பார்க்கிறவன்போல் மெதுவாகத் தலையாட்டினான். அவன் உதட்டோரத்தில் நீலம் இன்னும் ஒட்டியிருந்தது. எப்போதும் செய்கிறபடி கட்டைவிரலை எச்சில் பண்ணித் துடைத்துவிடக் கையைத் தூக்கினேன். அவன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான், அழுகலைக் கண்டவன்போல.

வண்டி கிளம்பியது. தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.