கார்டுக்காரரும் கூட ஒருவரும்

பழனிவேலிடம் கார்டைப் பற்றி முதலில் சொன்னது தட்சிணாமூர்த்திதான். "பேங்க்ல நமக்கு ஒரு கார்டு குடுத்துருக்கான் மாப்பிள்ளை. அத காட்டுனா ஏர்போர்ட்ல தனி எடம். சோபா, டிபன், காபி எல்லாம் உண்டு. எல்லாரையும் உள்ள உட மாட்டான்" என்று பண்ருட்டியில் தங்கை வீட்டில் சாப்பிட்டுக் கை துடைத்தபடி சொன்னான். இலை எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி புஷ்பவள்ளிக்கு அந்த 'நமக்கு' காதில் விழுந்தது. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டாள்.

கார்டு அவளுடையது. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். வீடு கடலூர் முதுநகரில். காலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பாதி வழி நின்றுகொண்டே பஸ்ஸில் போய், சாயங்காலம் அப்படியே திரும்புகிறவள். சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் கல்லூரிக்கே வந்து பேசி, கையெழுத்து வாங்கிப் போய் அனுப்பிவைத்த கார்டு. தட்சிணாமூர்த்திக்கு முதுநகரில் பெயிண்ட் கடை. அவனும் அதே வங்கியில் கேட்டுப் பார்த்தான். வருமானக் கணக்கு ஒழுங்காக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அதை அவன் புஷ்பவள்ளியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்துப் பத்து நவம்பரில் டெல்லியில் ஒரு கருத்தரங்குக்கு அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். தனியாக விமானத்தில் போகப்போகிறோம் என்று உள்ளுக்குள் அவளுக்கு இருந்த சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நானும் வருகிறேன் என்றான் தட்சிணாமூர்த்தி. பிறகு, தங்கை மாலதியும் மாப்பிள்ளையும் ஆக்ரா பார்த்ததில்லை, அவர்களும் வரட்டும் என்றான். மாலதியின் கணவர் பழனிவேல் முந்திரி வியாபாரி. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வீட்டில் எல்லாருக்கும் வேலை. நாலு பேருக்கும் டிக்கெட் போட்டது, டெல்லியில் அறை பிடித்தது, ஆக்ராவுக்கு வண்டி சொன்னது எல்லாம் புஷ்பவள்ளி. கட்டுரையைத் திருத்த வைத்திருந்த நேரம் அதில் போயிற்று.

கிளம்பிய அன்று விடியற்காலை அவள் கைப்பையிலிருந்து கார்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான் தட்சிணாமூர்த்தி. கூட்டத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்றான். கடலூரிலிருந்து சென்னை வரை வேனில் லவுஞ்ச் என்கிற அந்தத் தனி இடத்தைப் பற்றிய பேச்சுதான். வழியில் டீ குடிக்க நிறுத்தலாமா என்று டிரைவர் கேட்டபோது, எதுக்கு, உள்ளே எல்லாம் இருக்கிறது, வயிற்றைக் காலியாக வைத்திருங்கள் மாப்பிள்ளை என்று சொல்லி வண்டியை நிறுத்தவே விடவில்லை. மாலதி மட்டும் பின் சீட்டில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் புஷ்பவள்ளியிடம் நீட்டினாள்.

பரிசோதனை எல்லாம் முடிந்து லவுஞ்ச் வாசலுக்கு வந்தார்கள். கண்ணாடிக் கதவு. மேஜைக்குப் பின்னால் நீலப் புடவை கட்டிய பெண். தட்சிணாமூர்த்தி முன்னால் போய்க் கார்டை இரண்டு விரலால் எடுத்து வைத்தான். அவள் போர்டிங் பாஸையும் கார்டையும் பார்த்துவிட்டு, "இதுல புஷ்பவள்ளி மேடம் யாருங்க?" என்று கேட்டாள்.

பழனிவேல் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. என் ஒய்ஃப்புதான்" என்றான் தட்சிணாமூர்த்தி, சிரித்துக்கொண்டே.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கார்டு வைத்திருப்பவர் உள்ளே வரவேண்டும், அவரோடு கூட ஒருவர் வரலாம், அவ்வளவுதான் என்று சொன்னாள். மற்ற இரண்டு பேருக்குக் காசு கட்டிவிடுகிறோம் என்றதற்கு, இன்றைக்குக் கூட்டம், கார்டு இல்லாதவர்களை விடுவதில்லை என்றாள். அவர்களுக்குப் பின்னால் வரிசை சேர ஆரம்பித்தது.

தட்சிணாமூர்த்தி புஷ்பவள்ளியின் முழங்கையைப் பிடித்துத் தள்ளி அழைத்துப் போனான். மாப்பிள்ளையை அவள் உள்ளே அழைத்துப் போய் உட்காரவைக்க வேண்டும், தானும் மாலதியும் வெளியில் இருந்துகொள்கிறோம் என்றான். அதுவரைக்கும்கூட அவள் சரி என்றிருப்பாள். அதற்கு மேல் அவன் குரலைத் தணித்துச் சொன்னதுதான் அவளை நிறுத்தியது.

"மெயின் கார்டு என் பேர்லதான் இருக்கு, இது அதோட குடுக்குற துணைக் கார்டு, அவசரத்துல மாத்தி எடுத்தாந்துட்டோம்னு சொல்லு. நா சொல்றத வுட நீ சொன்னா நம்புவாரு. என் மானத்த வாங்கிடாத."

வேனில் அத்தனை தூரம் பெருமை பேசிக்கொண்டே இந்தப் பொய்யையும் தயாராக வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் நின்று நின்று வீங்கிய கால் அவளுடையது. விடைத்தாள் திருத்திப் பிடித்துக்கொண்ட கழுத்து அவளுடையது. அதில் வந்த ஒரு சின்ன அட்டை, அதையும் அவன் பேருக்கு அவளே வாயால் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வகுப்பில் பையன்கள் எவ்வளவு கத்தினாலும் குரல் உயர்த்தாதவள், இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் பழனிவேலுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது என் கார்டு. என் சம்பளத்துக்குக் குடுத்தது. ஒங்க பேர்ல எந்தக் கார்டும் இல்ல."

பிறகு மேஜைக்குப் போய்க் கார்டை எடுத்துக்கொண்டு, மாலதியின் கையைப் பிடித்தாள். இவங்கதான் என் கூட வர்றாங்க என்றாள். மாலதி கணவர் முகத்தைப் பார்த்தாள். பழனிவேல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. பிடித்த கையை விடாமலே புஷ்பவள்ளி உள்ளே போய்விட்டாள்.

உள்ளே குளிர். தாழ்வான சோபாக்கள். ஒரு நீண்ட மேஜையில் குட்டி இட்லி, உப்புமா, வெட்டிய பழம், கேக். பட்டனை அழுத்தினால் காபி கொட்டுகிற இயந்திரம். இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து புஷ்பவள்ளி உட்கார்ந்தாள். செய்தது சரி, நூற்றுக்கு நூறு சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலதி தட்டைத் தொடவில்லை. சோபாவின் நுனியில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டு மாலதி. அவுங்க கெடக்குறாங்க."

மாலதி நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது. அது தன் மேல்தான் என்று புரியப் புஷ்பவள்ளிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஒங்களுக்கு வேல இருக்கு அண்ணி. நீங்க கோவப்படலாம். நா அவரோடதான் பண்ருட்டிக்குத் திரும்பிப் போவணும். உள்ள வரியான்னு என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒங்க சண்டைக்கு என் கைதான் கெடச்சுதா?"

மாலதி எழுந்து போனாள். மேஜையிலிருந்து இரண்டு கேக் துண்டு எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். சாப்பாட்டை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று பணியாள் ஒருவர் தணிவாகச் சொன்னார். மாலதி அதை அங்கேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். புஷ்பவள்ளி இரண்டு தட்டுக்கும் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தன் மேலும் கோபம் வந்தது, தட்சிணாமூர்த்தி மேல் வந்ததற்குக் குறையாமல்.

டெல்லியில் பழனிவேல் அவளோடு பேசவில்லை. தட்சிணாமூர்த்தியோடும் பேசவில்லை, ஆனால் அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. கருத்தரங்கில் கட்டுரையை வாசித்தபோது குரல் கரகரத்தது. ஆக்ராவில் நாலு பேரும் வரிசையாக நின்று எடுத்த போட்டோவில் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

ஊருக்குத் திரும்பியபோது கதை அவர்களுக்கு முன்னால் போயிருந்தது. புருஷனையும் மாப்பிள்ளையையும் பசியோடு வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டவள் என்று முதுநகரில் உறவுக்காரர்கள் பேசினார்கள். கல்லூரியில் கூட வேலை பார்க்கும் தைலம்மாள் கேட்டுச் சிரித்தாள், நல்ல வேலை செய்தாய் என்றாள். அந்தப் பாராட்டும் புஷ்பவள்ளிக்குப் பிடிக்கவில்லை. பொங்கல் நெருங்கியபோது தட்சிணாமூர்த்தி வந்து சொன்னான்: மாப்பிள்ளை ரொம்பக் கோபமாக இருக்கிறார், பொங்கலுக்கு மாலதியை அனுப்ப மாட்டாராம், நீ நேரில் போய் மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்கிறார்.

"அவரு சொன்னாரா?"

"பின்ன நானா சொல்றேன்?"

இரண்டு நாள் அவள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, சிதம்பரத்திலிருந்து நேராக வடலூர் போய், அங்கே பண்ருட்டி பஸ் பிடித்தாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். மாலதியிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பழனிவேலிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டை ஒட்டியிருந்த முந்திரிக் கிடங்கு வாசலில் லாரி நின்றிருந்தது. பழனிவேல் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் உள்ளே வரச்சொன்னார். மாலதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுக்கவில்லை.

"மாலதி, அன்னிக்கு ஒன்ன கேக்காம கைய புடிச்சி இழுத்துட்டுப் போனேன். அது தப்பு. அத சொல்லத்தான் வந்தேன்" என்றாள் புஷ்பவள்ளி. பிறகு பழனிவேல் பக்கம் திரும்பினாள். "ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்க எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. கார்டு என்னுது. அத இல்லன்னு சொல்ல என்னால முடியல."

பழனிவேல் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"ஒன்ன யாரு மன்னிப்பு கேக்கச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்கன்னு அவரு..."

"மச்சான் எங்கிட்ட ஒரு வருஷமா பொய் சொல்லியிருக்கான். அவன் பேச்ச நம்பி நா மார்க்கெட்ல நாலு பேருகிட்ட பெருமையா சொல்லி வச்சிருக்கேன். அவன வந்து பேசச் சொல்லுன்னுதான் போன்ல சொன்னேன். ஒன்ன எதுக்கு அனுப்புனான்?"

புஷ்பவள்ளி தண்ணீரைக் குடிக்காமல் எழுந்தாள். மாலதி வாசல் வரை வந்தாள். இந்த இரண்டு மாதமாக வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டதற்கு, என்ன நடக்கும், அண்ணன் மேல் இருக்கிற கோபத்தை எல்லாம் என்னிடம்தான் காட்டினார், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார் என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் அதைச் சொன்ன சாதாரணம்தான் பஸ்ஸில் கடலூர் வரைக்கும் புஷ்பவள்ளியை எரித்தது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பெயிண்ட் கடைக்குப் போனாள். கலர் அட்டையைப் பிரித்து யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான் தட்சிணாமூர்த்தி.

"பண்ருட்டி அண்ணன் ஒங்களத்தான் வரச்சொன்னாரு. என்ன இல்ல."

வீட்டுக்குப் போ, அப்புறம் பேசலாம் என்றான். வாங்க வந்தவர் அட்டையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"வீட்ல பேச ஒண்ணும் இல்ல. ஒங்க பொய்ய நா அங்க சொல்லலன்னு கோவம். அதுக்கு மன்னிப்பு கேக்கவும் என்னையே அனுப்புனீங்க. அங்க அவ தெனமும் வாங்கிக் கட்டிக்கிறா, ஒங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழம நீங்க போறீங்க. போவலன்னா நா திரும்பவும் போயி, பேங்க்ல ஒங்களுக்கு ஏன் குடுக்கலங்கறதையும் சொல்லிட்டு வருவேன்."

அவன் அவளைப் பார்த்த பார்வையில் முதலில் ஆத்திரம் இருந்தது. பிறகு அது பயமாயிற்று. அந்தப் பயத்தைப் பார்த்தும் அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். அங்கே என்ன பேசினார்கள் என்று மாலதி போனில் சொன்னாள். பேசவே இல்லை. அண்ணன் வந்தார், இனிப்பு டப்பாவை வைத்தார், காபி குடித்தார். இருவரும் முந்திரி விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது இவர் அண்ணன் தோளைத் தட்டினார். அதோடு முடிந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் புஷ்பவள்ளி.

"அவ்வளவுதான் அண்ணி. நாமதான் பைத்தியம் மாதிரி அடிச்சிக்கிட்டோம்."

பொங்கலுக்கு வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். கார்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் இருவரும் எதுவும் நடக்காததுபோல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்கப் புஷ்பவள்ளிக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மார்ச்சில் ஐதராபாத்தில் இன்னொரு கருத்தரங்கு வந்தது. இந்த முறை மாலதிக்குப் போன் செய்து, என்கூட வருகிறாயா என்று கேட்டாள். "கேட்டீங்களே, அதுவே போதும் அண்ணி. நா வரல" என்றாள் மாலதி. வற்புறுத்தாமல் புஷ்பவள்ளி போனை வைத்தாள். ஒரே ஒரு டிக்கெட் போட்டாள். அதை அவள் சொன்னபோது தட்சிணாமூர்த்தி தலையாட்டினானே தவிர, நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை.