நடுத்தெருவில் பதினெட்டுக் கம்பங்கள்

அத்திகிரி அருளாளன் எழுந்தருளியிருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றின் நட்டநடுவே பதினெட்டு விளக்குக் கம்பங்களை நடும் பொறுப்பு நகராட்சி ஓவர்சீயர் சக்ரவர்த்தியின் தலையில் விழுந்தது. அறுபத்தொன்பதாம் ஆண்டு, சித்திரை பாதி கழிந்திருந்தது. வைகாசிக் கருட சேவைக்குள் விளக்கு எரியாவிட்டால் அவரைத் தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவதாக இன்ஜினியர் கலியாணசுந்தரம் அறிவித்திருந்தார். அதே வைகாசியில் சக்ரவர்த்தியின் மகள் சூடாமணிக்குத் திருமணம். கன்னிகாதானம் செய்யும் கையில் மாற்றல் உத்தரவை ஏந்த எந்தத் தகப்பன் விரும்புவான்?

கம்பங்களை நடுவில் நடுவது இன்ஜினியரின் திருவுள்ளம். நடுவில் விளக்குக் கம்பங்கள் நிற்கும் சென்னைப் பெருஞ்சாலை ஒன்றைக் கண்டு மையல் கொண்டு திரும்பியவர் அவர். இந்தத் தெருவிலோ இரண்டு மாட்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று மற்றொன்றிடம் பொறுத்தருளக் கேட்டுத்தான் நகர வேண்டும். விடியற்காலையில் நெசவாளர்கள் தறிக்கு ஏற்ற வேண்டிய நூலை, அதாவது பாவை, தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தோய்த்துக் காயவைப்பதும் அந்த நடுவில்தான். கம்பம் வந்தால் பாவுக்கு இடமில்லை; பாவு இல்லையேல் தறியில்லை.

மூன்று முறை மனுக் கொடுத்தார்கள். மூன்றும் அலுவலக அலமாரியில் அறிதுயில் கொண்டன. ஆகவே தெருக்கூட்டம் கூடியது. நாற்பது தறிக்காரர்களின் சார்பில் பெரியநாயகி என்ற நெசவுக்காரி தீர்ப்புரைத்தாள். எவரும் ஏச வேண்டாம், கல்லெடுக்க வேண்டாம், குழி வெட்ட வருகிறவர்களுக்கு மோர்கூடக் கொடுக்கலாம். ஆனால் பாவு விரிப்பதை ஒருநாளும் நிறுத்தக்கூடாது.

முதற்குழி வெட்டிய மறுநாள் காலை சக்ரவர்த்தி பளிச்சென்று திருமண் துலங்க வந்து சேர்ந்தார். குழியோரத்தில் பெரியநாயகி ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். கயிற்றின் மறுபுறம் அரக்குச் சிவப்புப் பட்டுப் பாவு, கஞ்சி ஈரம் மின்ன, தெருவில் நீண்டு கிடந்தது.

"சாமி, உங்க ஆளு வெட்டின குழியில, பாவு இழுத்துக் கட்டற எங்க முளைக்குச்சி சாஞ்சிக்கினு இருக்குது. இந்தக் கயித்தக் கொஞ்சம் புடிங்க, வேற முளை கொண்டாந்துடறேன்."

பழியில் பாதி தம்முடையது என்பதால் பிடித்தார். பிடித்த பிறகே, "கொஞ்சம்னா எத்தனை நாழி?" என்று கேட்டார்.

"முளை கெடைக்கிற வரைக்கும். இல்லாட்டி காயற வரைக்கும்."

"விட்டுட்டா?"

"ஈரப்பட்டு தொய்ஞ்சா இழையோட இழை ஒட்டிக்கும் சாமி. அப்புறம் பிரம்மா வந்தாலும் பிரிக்க முடியாது. கூறைப் பொடவை. வைகாசியில அந்தப் பொண்ணு மணையில உக்காரணும்."

சக்ரவர்த்தி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தார். சூடாமணியின் கூறைப் புடவைக்கு அவர் மனைவி வைதேஹி சொல்லிவைத்திருந்தது இந்தத் தெருவில்தான். நிறமும் அரக்குதான்.

கோவர்த்தன மலையைக் கண்ணன் ஏழு நாள் ஏந்தினான். சக்ரவர்த்திக்கு ஏழாம் நிமிடமே தோள் கழன்றது. பெரியநாயகியின் கணவன் வீராசாமி பாவைக் கோதிக்கொண்டே, முளை தேடப் போனவள் வந்துகொண்டிருப்பதாக அவ்வப்போது ஆறுதல் கூறினான்.

வெயில் ஏறியபோது இன்ஜினியர் வந்தார். ஆறு பாவுகள் கிடந்த தெருவில் கார் நுழையாததால் சுவரோரம் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து வந்தார்.

"என்ன செய்யறீர், சக்ரவர்த்தி?"

"பாவு புடிச்சிண்டிருக்கேன், சார்."

"விடும் அதை."

"விட முடியாது, சார்."

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் மேலதிகாரியிடம் அவர் சொன்ன முதல் மறுப்பு அது. சொன்ன அதிர்ச்சியில் வியர்வை பெருகிற்று. நெற்றியில் இருந்த திருமண் கரைந்து கண்ணுக்குள் இறங்கிற்று.

"சார், கண் எரியறது. ஒரு நிமிஷம் இதைப் புடிச்சிக்கோங்கோ."

நீட்டியதை வாங்கிப் பழகிய கை, இன்ஜினியர் வாங்கிக்கொண்டார்; வாங்கிய வேகத்தில் ஒரு கால் குழிக்குள் இறங்கிற்று. சக்ரவர்த்தி மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். முகம் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். அந்தத் துடைப்பு முடிகிற வழியாக இல்லை.

அப்பொழுதுதான் பெரியநாயகி தோன்றினாள். அவள் கையில் இருந்தது முளையன்று; பழைய நாட்காட்டித் தாள். அதன் முதுகில் கரித்துண்டால் தெருவை வரைந்திருந்தார்கள். கம்பங்களே இல்லை, வீட்டுச் சுவர்களில் இரும்புக் கை அடித்து, அதில் விளக்கு. தாளை இன்ஜினியரின் மூக்குக்கு நேரே பிடித்தாள். மூன்று மனுக்களைப் படிக்காத மனிதர், கை கட்டுண்டு, ஒரு கால் குழிக்குள் இருக்க, பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமையால் அதைப் படித்தார். நிமிர்ந்து, தாம் சுண்ணாம்புக் குறியிட்ட மீதிப் பதினேழு இடங்களும் பாவுகளுக்கு அடியில் கிடப்பதைக் கண்டார்.

"சுவர் தாங்குமா?" என்றார், குரல் தழைந்து.

வீராசாமி தலை நிமிராமல் சொன்னான்: "நாப்பது தறி இடிக்கிற இடியத் தாங்குது. ஒரு வெளக்குக்கா விழுந்துடப் போவுது?"

"சரி, சுவத்துலயே அடிங்க. முதல்ல அந்த முளையக் கொண்டாங்க."

முளை அடுத்த வீட்டுக் கதவின் பின்னாலிருந்தே வந்தது.

மாலையில் சக்ரவர்த்தி, மகளின் கூறைப் புடவையைத் தாம் காத்த கதையை வைதேஹியிடம் விரிவாக எடுத்துரைத்தார். அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே அரக்குப் புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இது போன வாரமே வந்துடுத்தே."

"அப்போ நான் புடிச்சிண்டு நின்னது?"

"மாகறல்ல அர்ஜுனன்னு ஒரு குடியானவர் பொண்ணுக்காம். பெரியநாயகி சொன்னா."

சக்ரவர்த்தி உள்ளங்கையில் சிவந்திருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணும் மணையில உக்கார வேண்டியவதானே," என்று சொல்லிவிட்டு, புதிய வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு சுவர்களை எண்ணத் தொடங்கினார்.

கருட சேவைக்கு முதல்நாளே விளக்குகள் எரிந்தன. மாற்றல் உத்தரவு வரவில்லை, மாப்பிள்ளை வந்தார். அதன்பின் அந்தத் தெருவில் கால்வைக்கும்போதெல்லாம் சக்ரவர்த்தி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்; இன்ஜினியர் தம் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் ஆழ விட்டுக்கொண்டார்.